உங்களுக்குத் தெரியுமா? அண்ணத்தில் தையல், பல்வரிசையில் மாற்றம்!

ஒருபக்க உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உள்ள குழந்தைக்கு எப்படி அறுவைசிகிச்சை செய்கிறீர்கள்? 'யூரோகிளெஃப்ட்' ஆய்வு ஐரோப்பாவின் 201 மருத்துவக் குழுக்களிடம் கேட்ட கேள்வி இது. கிடைத்த செயல்முறைகள் எத்தனை தெரியுமா? 194!

பாரிஸ், 1819. ஜான் ஸ்டீபன்சன் என்ற மருத்துவ மாணவரின் பிளந்த மெல்லண்ணத்தை (அண்ணத்தின் மென்மையான பின்பகுதி) தைத்து மூடினார் அறுவைசிகிச்சை மருத்துவர் ஃபிலிபேர் ரூ. மயக்க மருந்தா? ஈதர் வர இன்னும் 27 வருஷம் இருந்தது! மாணவர் லேசுப்பட்டவரா என்ன? தன் வாயில் நடந்த சிகிச்சையையே ஆய்வேடாக எழுதி, எடின்பரோவில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்!

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1980களில் லண்டன் பல்சீரமைப்பு நிபுணர் மைக்கேல் மார்ஸ் இலங்கைக்குப் போனார். பிளவோடு பிறந்து, சிகிச்சையே கிடைக்காமல் பெரியவர்களாகிவிட்டவர்களின் முகத்தையும் தாடையையும் அளந்தார். அண்ணம் பிளந்தபடியே இருந்தது. மேல்தாடையோ முன்னோக்கி நன்றாக வளர்ந்திருந்தது!

சின்ன வயதிலேயே தைத்துக்கொண்டவர்களில் பலருக்கு நடப்பது நேர்மாறு. மேல்தாடை பின்தங்கிவிடும். மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். வளர்ச்சியை இழுத்துப் பிடிப்பதில் பெரிய பங்கு அறுவைசிகிச்சை விட்டுச்சென்ற தழும்புக்கு!

அண்ணத்துத் திசுவைப் பின்னுக்குத் தள்ளித் தைக்கும் முறை ஒன்று உண்டு. முன்பக்கத்தில் கொஞ்சம் எலும்பு மூடாமல் நிற்கும். அங்கே தழும்பு படரும். மெல்ல மெல்லப் பல்வரிசையை உள்ளே இழுக்கும்!

ஜெர்மனியின் அறுவைசிகிச்சை மருத்துவர் ஷ்வெக்கென்டீக் துணிச்சல்காரர். மெல்லண்ணத்தை மட்டும் குழந்தையிலேயே மூடினார். எலும்புள்ள முன்பகுதியான வல்லண்ணத்தைப் பதின்வயது வரை தைக்கவே இல்லை! தாடை அருமையாக வளர்ந்தது. பேச்சுதான் மூக்கு வழியே போய்விட்டது!

குழந்தையை நேரில் பார்க்காமலே சிகிச்சையின் பலனை மதிப்பிடலாம்! பற்களின் பிளாஸ்டர் அச்சு போதும். 1987-இல் வந்த 'கோஸ்லன்' அளவுகோலில் 1 என்றால் பிரமாதம். 5 என்றால் பல்லுக்குக் கம்பி கட்டினால் மட்டும் தீராது, தாடையிலேயே அறுவைசிகிச்சை!

'ஸ்காண்ட்கிளெஃப்ட்' ஆய்வில் 5 நாடுகள், 10 குழுக்கள், 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள். யாருக்கு எந்த அறுவைசிகிச்சை என்பதைக் குலுக்கல்போலத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து வயதில் பல் அச்சுகளை ஒப்பிட்டார்கள். முறைக்கு முறை பல்வரிசையில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை!

பிளவு ஈறையும் பிளந்திருந்தால்? எட்டு முதல் பதினொரு வயதுக்குள், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்த இடைவெளியை நிரப்புகிறார்கள். அதற்குள்ளேயே வழி பண்ணிக்கொண்டு கோரைப்பல் இறங்கி வருகிறது. ஆமாம், இடுப்பில் இருந்த எலும்பு வழியாக வாயில் பல் முளைக்கிறது!