பழைய வாஷிங் மெஷினின் சத்தம்: விலை பேசும் முன் காதால் எடை போடுங்கள்

பருப்பும் புளியும் எடை போடுகிற நமக்கு வாஷிங் மெஷின் சத்தத்தைப் பற்றிக் கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் நம்மில் பலர் கடைக்கு மேலேயோ பின்னாலேயோ குடியிருக்கிறோம். கூடவே நாலைந்து அறைகளைக் கட்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். இரவு ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு வந்து படுக்கிற பையனின் தலைக்கு மேலே மெஷின் உறுமிக்கொண்டிருந்தால் அந்த அறை அடுத்த மாதம் காலி. வீட்டு உபயோகப் பொருள் விற்கும் நம் சங்கத்து உறுப்பினர்களுக்கோ விஷயம் இன்னும் பெரிது. எக்ஸ்சேஞ்சில் எடுக்கும் பழைய மெஷினின் சத்தத்தைத் தவறாகக் கணித்தால் அது நேராகக் கைநஷ்டம். விற்ற பிறகு தெரியவந்தால் கடையின் பெயருக்கும் நஷ்டம்.

சத்தம் போடுகிற மெஷின் கெட்டது, அமைதியாக ஓடுகிற மெஷின் நல்லது என்று பொதுவாக நினைக்கிறோம். பழைய மெஷின்களைப் பொறுத்தவரை இது சரியான அளவுகோல் அல்ல. ஒவ்வொரு வகைக்கும் பிறவிச் சத்தம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் என்ன கேட்கிறது என்று பார்ப்பதுதான் வியாபாரியின் சாமர்த்தியம்.

நம் நாட்டு வீடுகளில் வாஷிங் மெஷின் பரவிய வரலாறு நீண்டதல்ல. 1980களின் பிற்பகுதியில் வீடியோகான் விளம்பரம் தூர்தர்ஷனில் பாட்டோடு வரத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பெயரே நம் வீடுகளில் புழங்கியது. ஓசூரில் மொபெட் செய்துகொண்டிருந்த டி.வி.எஸ். குழுமம் அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவின் வேர்ல்பூல் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் வாஷிங் மெஷின் தொழிற்சாலையைத் தொடங்கியது. 1995ல் வேர்ல்பூல் அந்தக் கூட்டில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே கெல்வினேட்டரையும் சேர்த்து வேர்ல்பூல் ஆஃப் இந்தியா என்றாகிவிட்டது. ஆகவே ‘டி.வி.எஸ். வேர்ல்பூல்’ என்ற பெயர்ப் பலகையோடு ஒரு மெஷின் உங்கள் கடைக்கு வந்தால் அதற்குக் கிட்டத்தட்ட முப்பது வயது என்று பில் பார்க்காமலே சொல்லிவிடலாம். அப்படி ஒன்று இன்னும் ஓடுகிறது என்றால் அதன் சத்தத்தைக் குறை சொல்லவும் மனம் வராது.

அந்தக் காலத்தில் பெருவாரியாக விற்றது இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக். துவைக்கும் தொட்டியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டு ஒரு பக்கம் சுற்றி, நின்று, மறுபக்கம் சுற்றும். தண்ணீர் சளப் சளப் என்று அடிக்கும். நடுவே சாவி கொடுத்த டைமரின் டிக் டிக், முடிந்ததும் தெருவுக்கே கேட்கிற பஸ்ஸர். இவையெல்லாம் அதன் இயல்பு. பிழியும் தொட்டி சிறியது. நிமிடத்துக்குச் சுமார் 1300 சுற்றுக்கு மேல் சுற்றும். அப்போது எழும் சத்தம் காதைத் துளைக்கத்தான் செய்யும், ஆனால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். தண்ணீர் தானாகவே குழாய் வழியே இறங்குவதால் பம்பு சத்தம் கிடையாது. மூடியைத் திறந்ததும் பிரேக் பிடித்துத் தொட்டி நிற்க வேண்டும். அந்த நேரத்தில் கிரீச் என்று இழுத்தால் பிரேக் தேய்ந்திருக்கிறது என்று பொருள். சின்னச் செலவுதான், விலையில் கழித்துக்கொள்ளலாம்.

மேல்மூடி வைத்த முழு ஆட்டோமேட்டிக் வகையில், அதிலும் நடுவே தூண் போல அஜிடேட்டர் வைத்த பழைய மாடல்களில், பல்சக்கரச் சத்தம் அதிகம். தடக் தடக் என்று தறி ஓடுவது போலிருக்கும். துவைப்பதிலிருந்து பிழிவதற்கு மாறும்போது ‘டக்’ என்று ஒரு அடி கேட்கும். கிளட்ச் மாறுகிற சத்தம் அது. இதைக் கேட்டுப் பயந்து மெஷினைத் திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளர்கள் உண்டு. விற்கும்போதே போட்டுக் காட்டி, இது இதன் வழக்கம் என்று சொல்லிவிட்டால் தகராறு வராது.

முன்பக்கம் கதவு வைத்த வகையை நம் நாட்டில் பரவலாக்கியது ஐ.எஃப்.பி. ஜெர்மனியின் போஷ்-சீமென்ஸ் தொழில்நுட்பத்தோடு வந்தது. துவைக்கும்போது இது சாது. கிரைண்டரில் மாவு அரைபடுகிற அளவுக்குக்கூடக் கேட்காது. பிழியும் கட்டம் வந்ததும் வேறு மெஷினாக மாறிவிடும். பழைய மாடல்களில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். நம் வீட்டு மிக்ஸியில் இருக்கும் மோட்டாரும் இதே ஜாதிதான். மிக்ஸி ஏன் அலறுகிறதோ அதே காரணத்தால்தான் இதுவும் அலறுகிறது. பெல்ட்டே இல்லாமல் தொட்டியோடு நேராக மோட்டாரைப் பொருத்தும் முறையை நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல் நிறுவனம் 1991லேயே கொண்டுவந்தது. 1997ல் இந்தியாவுக்கு வந்த எல்.ஜி. போன்ற நிறுவனங்கள் பின்னாளில் அந்த வழியை நம் கடைகளுக்கும் கொண்டுவந்தன. இந்த வகையில் மோட்டார் சத்தம் வெகுவாகக் குறைவு. அதனால் பேரிங் போனால் பளிச்சென்று கேட்டுவிடும். பழைய பெல்ட் மெஷினில் அதே கோளாறு மற்றச் சத்தங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். அமைதியான மெஷினில் கோளாறு கேட்கிறது என்பதற்காக அதைத் தள்ளிவிட்டு, இரைச்சலான மெஷினை நம்பி வாங்குவது இப்படித்தான் நடக்கிறது.

பிழியும்போது ஏன் இவ்வளவு ஆட்டம்? நம் எடைக் கணக்கிலேயே சொல்கிறோம். ஈரத் துண்டு ஒன்று அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஒரே பக்கமாக அது ஒதுங்கிவிட்டது. நிமிடத்துக்கு 800 சுற்றில் அது தொட்டியை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமம். முன்பு வந்த 75 கிலோ அரிசி மூட்டையை நினைத்துப் பாருங்கள். 1200 சுற்றில் அது 160 கிலோ, அதாவது இரண்டு மூட்டைக்கும் மேல். அந்த மூட்டை ஒரு விநாடிக்கு 20 முறை திசை மாறி இழுக்கிறது. இதைத் தாங்கத்தான் முன்கதவு மெஷினுக்குள் கான்கிரீட் கட்டியை வைத்துப் பாரம் ஏற்றுகிறார்கள். 1937ல் அமெரிக்காவில் வந்த பெண்டிக்ஸ் என்ற முதல் வீட்டு ஆட்டோமேட்டிக் மெஷினைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கித்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

இனி, பழைய மெஷினை வாங்குகிறவர் காதில் வாங்க வேண்டிய சத்தங்கள். முதலாவது, வேகம் ஏற ஏறக் கூடும் உறுமல், லாரி மேடேறுவது போல. இது பேரிங். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொட்டியைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று கைக்கே தெரியும். விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் தொட்டி ஆடும். தண்ணீர் சீல் கசிந்து பேரிங் துருப்பிடித்திருக்கிறது. முன்கதவு மெஷினில் இதைச் சரிசெய்யத் தொட்டியையே பிரிக்க வேண்டும். பல பழைய மெஷின்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. நம் கருத்தில், இந்த உறுமல் கேட்டால் இரும்பு விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்கக்கூடாது.

கீச்சென்ற சத்தம் பெல்ட்; பயப்பட வேண்டாம். ‘ம்ம்’ என்ற முனகல் மட்டும் வந்து தொட்டி சுற்றாவிட்டால் பெரும்பாலும் கெப்பாசிட்டர், அல்லது வோல்டேஜ் குறைவு. வேறு பிளக்கில் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கிணுகிணு என்று உள்ளே ஏதோ உருண்டால் நாணயம். நம் வணிகர் வீட்டு மெஷின்களில் இது சகஜம்; சட்டைப் பையில் சில்லறை இல்லாத மளிகைக்காரர் யார்? அதைப் பழுது என்று சொல்லி விலையைக் குறைக்கும் புரோக்கர்களும் இருக்கிறார்கள்.

நம் எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. பெங்களூரு நமக்கு நாற்பது கிலோமீட்டர். அங்கே எக்ஸ்சேஞ்சில் கழியும் மெஷின்கள் அத்திப்பள்ளி தாண்டி இங்கே வருவது எளிது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து ஜூஜூவாடி போன்ற இடங்களில் வணிகவரிச் சோதனைச் சாவடி முறை முடிந்த பிறகு இன்னும் எளிது. ஆனால் அவை வருகிற விதம்தான் சரியில்லை. முன்கதவு மெஷினுக்குப் பின்பக்கம் டிரான்ஸிட் போல்ட் என்று நீளமான போல்ட்டுகள் உண்டு. வண்டியில் ஏற்றும்போது இவற்றைப் போட்டுத் தொட்டியை இறுக்க வேண்டும். இறக்கி வைத்ததும் கழற்றிவிட வேண்டும். பழைய மெஷினோடு இவை வருவது அபூர்வம். டெம்போவில் போல்ட் இல்லாமல், படுக்க வைத்துக் கொண்டுவந்தால் தொட்டி தொங்கும் ஸ்பிரிங்கும் டேம்பரும் அடிவாங்கும். அங்கே ஓட்டிப் பார்க்கும்போது அமைதியாக இருந்தது இங்கே வந்து குதிக்கிறது என்றால் இதுதான் காரணமாக இருக்கும். மாறாக, போல்ட்டைக் கழற்றாமலே ஓட்டினால் மெஷின் அறையைச் சுற்றி நடந்துவரும். ஆகையால் ஓட்டிப் பார்ப்பது இரண்டு இடத்திலும் வேண்டும்; பணம் இரண்டாவது இடத்தில்.

ஓசூர்க் கடையில் சத்தம் பற்றிய புகார் மூன்று மொழியில் வரும். தெலுங்குக்காரர் ‘சப்புடு’ என்பார். கன்னடக்காரர் சொல்லும் சொல் ‘சத்து’ என்று நம் காதில் விழும். சத்துமாவு கேட்கிறார் என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

வேடிக்கை போகட்டும், மளிகைக் கடைக்காரருக்கும் இந்தச் சத்தத்தில் பங்கிருக்கிறது. கையால் துவைக்கும், நுரை அதிகம் வரும் தூளை முன்கதவு மெஷினில் போட்டால் நுரை உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் இடையே நிரம்பிக்கொள்ளும். தொட்டி சுற்றத் திணறும், மோட்டார் முக்கும், பம்பு நுரையை இழுத்துக் கொரகொரக்கும். வாடிக்கையாளர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பணம் கொடுப்பார். முன்கதவா, மேல்மூடியா என்று ஒரு வார்த்தை கேட்டு அதற்குரிய தூளைக் கொடுத்தால் நமக்கும் நல்ல சரக்கு விற்கும், அவருக்கும் செலவு மிச்சம். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் தூளைக் கூடுதலாகக் கொட்டும் பழக்கம் உண்டு. நுரைத் தொல்லை அங்கே பிறகு அலசும்போது தலைகாட்டும்.

வைக்கும் இடமும் முக்கியம். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமில்லை என்பதால் மெஷினுக்கு அடியில் பாலிஷ் கல்லைப் போட்டுவிடுகிறோம். கல் கனமாக இருப்பது நல்லதுதான், ஆனால் வழவழப்பில் கால் வழுக்கும். சொரசொரப்பான பக்கத்தை மேலே திருப்பி, நாலு காலுக்கும் கெட்டியான ரப்பர் துண்டு வைத்து, நாலு காலும் தரையில் சமமாக அழுந்துமாறு திருகி வையுங்கள். ஒரு கால் தூக்கி நின்றால் புது மெஷினும் பழைய மெஷின் மாதிரி ஆடும். கடைக்குப் பின்னால் வீடு என்றால் அடிப்பக்கம் எலி வலை கட்டாயம். அரிசி மூட்டைக்கு வருகிற எலி ஒயரையும் விடாது. முன்கதவு மெஷினை மாடி ஸ்லாபின் நடுவில் வைக்காதீர்கள். சுவர் மூலையில் அதிர்வு குறையும். அதைவிடக் கீழ்த்தளம் உத்தமம்.

வாடகை அறைகள் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. ஐரோப்பாவில் 2021 மார்ச் முதல் வாஷிங் மெஷின் லேபிளில் பிழியும் சத்தத்தை டெசிபலில் போட்டு ஏ முதல் டி வரை தரம் பிரிக்கிறார்கள். 73க்குக் கீழே இருந்தால் ஏ. 81ம் அதற்கு மேலும் டி. அது மெஷினிலிருந்து கிளம்பும் ஒலியின் அளவு. அறையில் நம் காதுக்கு எட்டுவது அதைவிடக் குறையும். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றும். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு உரிய அளவு பகலில் 55, இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45. வீட்டு மெஷினை அளக்க யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் ஏ தர மெஷினே நடுராத்திரிக்கு ஏற்றதல்ல என்பது இந்த எண்களிலிருந்து விளங்கும்.

ஆனால் நம் ஊரில் இரவு மட்டும் தூங்குகிற நேரமல்ல. மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில் எந்த நேரமும் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். மாலை நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை மெஷின் நேரம் என்று அறைவாசிகளோடு பேசி ஒரு அட்டையில் எழுதி மாட்டிவிடுவது நல்லது. பொதுவுக்கு ஒரு பழைய மெஷின் வாங்கிப் போடுவதானால் நம் சிபாரிசு இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக்தான். பிழியும்போது கத்தும், ஆனால் ஐந்து நிமிடம்தான். அதுவும் ஆள் பக்கத்தில் நின்று துணியை மாற்றிப் போட்டால்தான் கத்தும். யாரோ பட்டனைத் தட்டிவிட்டு வேலைக்குப் போய்விட, அது பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஓடிக் கடைசியில் அலறுகிற வம்பு இதில் இல்லை.

எக்ஸ்சேஞ்ச் எடுக்கும் உறுப்பினர்கள் ஒன்று செய்யலாம். வாங்கும்போதே ஒரு வாளித் துணி போட்டுப் பிழியும் கட்டம் வரை ஓட்டி, செல்போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து வையுங்கள். மறுபடி விற்கும்போது வாங்குபவருக்குப் போட்டுக் காட்டி, பில்லிலும் ‘பழைய மெஷின், ஓட்டிக் காட்டப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பத்து நாள் கழித்து ‘சத்தம் வருகிறது’ என்று யாராவது வந்து நின்றால், எந்தச் சத்தம், அன்றே இருந்ததா, புதிதா என்று இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டுக்கொள்ளலாம்.