விலாசமும் நாணயமும்

இணையத்தின் வாயிலாகப் பணம் செலுத்தும் வழக்கம் பட்டணம், கிராமம் என்ற பேதமின்றி நம் நாட்டில் பரவிவிட்டது. கையில் பிடிக்கத்தக்க அட்டையின்றி, எண்ணும் காலவரம்பும் இரகசிய இலக்கமும் மாத்திரமே கொண்ட ‘விர்ச்சுவல் கார்டு’களைப் பாங்குகள் வழங்குகின்றன. ஏற்பாடு நல்லதே. ஆனால், அந்நிய நாட்டுக் கம்பெனிகளுக்கு இவற்றால் பணம் செலுத்தும்போது, ‘பில்லிங் விலாசம்’ என்ற கட்டத்தில் சிலர் ஏதோ ஓர் அமெரிக்கத் தெருவின் பெயரை எழுதிவிடுகிறார்கள். கார்டே கண்ணுக்குப் புலப்படாதபோது விலாசம் எதுவாயிருந்தால் என்ன என்பது இவர்கள் எண்ணம் போலும். இஃது அடியோடு பிசகு.

பில்லிங் விலாசமாவது யாது? சாமான் வந்து சேரவேண்டிய விலாசமன்று. கார்டு வழங்கிய பாங்கின் பதிவில் உள்ள விலாசமே அது. அமெரிக்கா, கானடா, பிரிட்டன் ஆகிய தேசங்களில், வியாபாரி அனுப்பும் வீட்டு எண்ணையும் தபால் குறியீட்டையும் பாங்கு தன் பதிவோடு ஒத்துப் பார்த்து விடையளிக்கும் முறை உண்டு. ஒவ்வாவிடில் வியாபாரி விற்பனையை மறுக்கலாம். மறுத்த பின்னும், பாங்கு ஒதுக்கி வைத்த தொகை சில தினங்கள் கைக்கு எட்டாமல் நிற்பதுமுண்டு. நம் நாட்டில் ரிஸர்வ் பாங்கின் உத்தரவுப்படி, 2009ஆம் வருஷம் முதல் வேறொரு சோதனை ஏற்பட்டது, பெரும்பாலும் ‘ஓ.டி.பி.’யே அதற்குக் கருவி. ஆகவே விலாசத்தை அசட்டை செய்வது நமக்குப் பழகிப்போயிற்று.

இதனினும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. அந்நிய கம்பெனிகள் இணைய வழியே விற்கும் சேவைகளைப் பெறுபவர் எந்நாட்டினர் என்று தீர்மானிக்க, 2017ஆம் வருஷத்திய ஒருங்கிணைந்த சரக்கு-சேவை வரிச் சட்டத்தின் 13வது பிரிவு சில அடையாளங்களை வகுத்துள்ளது. கார்டு வழங்கப்பட்ட நாடு, பாங்குக் கணக்குள்ள இடம் முதலியவற்றோடு பில்லிங் விலாசமும் அவற்றில் ஒன்று. முரண்படாத இரண்டு அடையாளங்கள் இந்தியாவைக் காட்டினால், வரி நம் பொக்கிஷத்திற்கு உரியது. பொய் விலாசம் எழுதுகிறவர் அவ்வடையாளங்களுள் ஒன்றைத் தம் கையாலேயே அழிக்கிறார். அந்நிய கம்பெனியிடந்தானே பொய் சொன்னோம் என்று அவர் சமாதானம் கூறலாம். நஷ்டமோ நம் ஜனங்களின் பொதுப் பணத்திற்கு. பள்ளிக்கூடமும் பாலமும் ஆஸ்பத்திரியும் வேண்டுமென்று மேடைதோறும் கேட்கும் நாம், அவற்றுக்குரிய பணம் கதவு தட்டும்போது வேறு வீட்டைக் காட்டலாமா?

செய்யவேண்டுவது எளிது. பாங்கின் பதிவில் உள்ளபடியே விலாசத்தை எழுதுக. வீடு மாறினால் முதலில் பாங்குக்குத் தெரிவிக்க. அமெரிக்க விலாசத்தை அன்றி வேறெதனையும் ஏற்காத வியாபாரி நமக்கு விற்க விரும்பவில்லை என்றறிந்து விலகுக. நமது ஆறு இலக்கப் பின்கோடு 1972ஆம் வருஷம் ஆகஸ்டு 15ந் தேதி, சுதந்திர தினத்தன்று பிறந்தது. அதனை எழுதுவதில் நமக்கு வெட்கமென்ன?