பன்றிப் பண்ணைகளில் வைரஸ் நோய் பரவுதலைக் கணக்கிடும் முறை

பன்றிக் காய்ச்சல் என வழங்கும் நோய்கள் இரண்டு உள. ஒன்று நெடுங்காலமாக அறியப்பட்டது. மற்றொன்று 1921-ஆம் ஆண்டில் கென்யாவிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இவை வெவ்வேறு வைரஸ்களால் உண்டாகின்றன எனினும், அறிகுறிகளைக் கொண்டு ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிதல் அரிது. பரிசோதனைக் கூடமே அதனைத் தீர்மானிக்க வல்லது. முன்னதற்கு நம் நாட்டில் தடுப்பூசி உண்டு. பின்னது 2020-ஆம் ஆண்டில் அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசம் ஆகிய இராஜ்யங்களில் தோன்றியது. இவ்விரு நோய்களும் மனிதரைப் பற்றுவதில்லை. ஆயினும் பன்றியொன்றே சேமிப்பாக உள்ள குடும்பத்திற்கு இவற்றால் நேரும் இழப்பு சிறிதன்று.

இத்தகைய நோய் எவ்வளவு விரைவாகப் பரவும், எந்நடவடிக்கையால் அடங்கும் என்பவற்றை முன்கூட்டியே மதிப்பிடக் கணித முறை பயன்படுகிறது. இதன் அடிப்படையை கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்னும் இருவர் 1927-ஆம் ஆண்டில் வகுத்தனர். அவர்கள் கூட்டத்தை மூன்று பிரிவாக்கினர்: நோய் பற்றக்கூடியவர், நோயுற்றுப் பிறருக்குப் பரப்புவோர், இனிப் பரப்ப இயலாதவர். பன்றிப் பண்ணைகளைப் பற்றிய கணக்கில் ஒரு பன்றியை அன்று, ஒரு பண்ணையையே ஓர் அலகாகக் கொள்வது வழக்கம். ஏனெனில் பண்ணைக்குள் புகுந்த வைரஸை ஒவ்வொரு விலங்காகத் தேடித் தடுப்பதினும், அது அடுத்த பண்ணைக்குச் செல்லும் வழியை அடைப்பதே ஆகக்கூடிய செயல்.

நோயுற்ற ஒரு பண்ணை, தான் நீக்கப்படுமுன் சராசரியாக எத்தனை பண்ணைகளுக்கு நோயைக் கொடுக்கிறது என்பதே முக்கியமான எண். இதனைப் பரவல் எண் என்போம். இது 2 ஆனால், ஒரு பண்ணை இரண்டாகி, நான்காகி, எட்டாகி, ஐந்தாம் தலைமுறையில் 32 ஆகும். இதுவே அரை ஆனால் 32 பண்ணைகள் 16, 8, 4 எனத் தேய்ந்து நோய் அற்றுப்போகும். எனவே 1 என்பதே எல்லைக்கோடு. ஆசிரியர்கள் இதனைப் புளியங்கொட்டைகளைக் கொண்டே வகுப்பில் விளக்கிக் காட்டலாம். மாணவர் வியப்பது பெருக்கத்தைக் கண்டன்று, அது தொடக்கத்தில் எவ்வளவு அற்பமாகத் தோன்றுகிறது என்பதைக் கண்டே.

பரவல் எண் இரு காரணிகளின் பெருக்கற்பலன். வாரந்தோறும் எத்தனை பண்ணைகளுக்கு நோய் செல்கிறது என்பது ஒன்று. எத்தனை வாரம் நோய் கண்டுபிடிக்கப்படாதிருக்கிறது என்பது மற்றொன்று. போக்குவரவைத் தடுத்தல் முன்னதைக் குறைக்கும். விரைந்து அறிவித்தல் பின்னதைக் குறைக்கும்.

நெதர்லாந்து நாட்டில் 1997–98-இல் நேர்ந்தது இதற்குத் தக்க சான்று. அந்நாட்டின் தென்பகுதியில் பண்ணைகள் மிக நெருங்கியுள்ளன. ஜெர்மனியிலிருந்து திரும்பிய, சரிவரக் கழுவப்படாத லாரியொன்றின் மூலம் பன்றிக் காய்ச்சல் வந்ததெனக் கருதப்படுகிறது. 1997 பிப்ரவரி 4-ஆம் தேதி நோய் உறுதியாயிற்று. ஆனால் நடவடிக்கை தொடங்குமுன்னரே சுமார் 39 பண்ணைகளை அது பற்றியிருந்தது என்பது பின்னர் செய்த கணக்கு. அக்காலத்தில் பரவல் எண் 6.8 அளவினதாயிருந்தது. வழக்கமான தடைகளை விதித்தபின் அது 1.3 ஆக இறங்கியது. பெரும் வெற்றி போலத் தோன்றினும், 1-க்கு மேலாகவே இருந்தமையால் நோய் நின்றபாடில்லை. அண்டைப் பண்ணைகளின் பன்றிகளையும் முன்னதாகவே கொன்று, போக்குவரவையும் மேலும் சுருக்கிய பின்னரே அவ்வெண் 1-க்குக் கீழ்ச் சென்றது.

நோயுற்ற பண்ணைகள் 429. அழிக்கப்பட்ட பன்றிகளோ சுமார் 1 கோடியே 10 இலட்சம். இவற்றுட் பெரும்பாலானவை நோயற்றவை. விற்பனை தடைப்பட்டதனால் கொட்டில்கள் நிரம்பி வழிய, இடமின்மையால் கொல்லப்பட்டவை அவை. நோய் பரவுதலை மட்டும் கணித்து, தடையின் விளைவைக் கணிக்காத முறை முழுமையானதாகாது என்பது இதனால் விளங்கும்.

அந்நாட்டு எண்களை நம் நாட்டிற்கு அப்படியே பொருத்துதல் தகாது. நம் வடகிழக்கு இராஜ்யங்களில் வீட்டின் பின்புறம் இரண்டொரு பன்றி வளர்ப்போரே மிகுதி. உணவகக் கழிவு தீனியாவதும், நோயுற்ற விலங்கு அவசரமாக விற்கப்படுவதும் அங்கே நோயின் வழிகள். ஆப்பிரிக்கக் காய்ச்சலின் வைரஸ் இறைச்சியிலும் நெடுநாள் உயிர்த்திருக்கும். ஈட்டுத் தொகை கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாதவன் அறிவிக்கமாட்டான், விற்றுவிடுவான். அறிவித்தல் தாமதப்படுவதோடு போக்குவரவும் கூடுவதால், இரு காரணிகளும் ஒருங்கே உயர்கின்றன. இழப்பீடு தயைக்குரிய செலவன்று, நோய்த் தடுப்பின் ஓர் உறுப்பே என்பது நமது கருத்து.

கணிப்புக்குரிய மூலப்பொருள் களப்பணியாளரின் குறிப்பேட்டிலேயே உள்ளது. அறிவிப்பு வந்த தேதியை மட்டும் எழுதுதல் போதாது. முதல் விலங்கு தீனி மறுத்த நாள், முதல் மரணம் நிகழ்ந்த நாள், அதற்கு முந்திய மூன்று வாரங்களில் வந்துபோன வியாபாரி, வண்டி, பொலி பன்றி, வெளியிலிருந்து வாங்கிய இறைச்சி ஆகியவற்றையும் கேட்டு எழுதுதல் வேண்டும். தேதி நினைவில்லை என்போரிடம் சந்தை நாளையோ திருவிழாவையோ சுட்டிக் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்கும்.