கொத்தரிசி முதல் அஸ்வெசும வரை

முன்னேஸ்வரம் என்றதும் கோயிலும் திருவிழாவும் நினைவுக்கு வருகின்றன. அக்கோயிலைச் சுற்றி வாழும் மக்கள் எதைக் கொண்டு அடுப்பு மூட்டுகிறார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. சிலாபம் நகரை அடுத்த இப்பகுதியில் நாட்கூலியை நம்பி வாழ்வோர் பலர். தேங்காய் பறிப்பதும் உரிப்பதும், தும்பு வேலை, கடற்றொழில், மீன் வியாபாரம், இறால் பண்ணைக் கூலி, ஓட்டோ ஓட்டம், திருவிழாக் காலத்துச் சிறு கடை என்று வருமானம் பல வழிகளில் சிறு சிறு துளிகளாக வருகிறது. தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்தத் துளியும் வற்றிவிடுகிறது. இத்தகைய குடும்பங்களுக்கு அரசாங்கத்தின் நிவாரணம் பல நாட்களில் சோற்றுக்கும் பட்டினிக்கும் இடையிலான வேலியாக இருக்கிறது.

அந்த வேலி இப்போது மாற்றி அடைக்கப்படுகிறது. சமுர்த்தி நிவாரணம் இருந்த இடத்தில் 2023 யூலை முதல் 'அஸ்வெசும' வந்துள்ளது. இதனை விளங்கிக்கொள்ளப் பழைய கதையைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நல்லது.

கூப்பன், முத்திரை, சமுர்த்தி

இலங்கையில் பங்கீட்டு அரிசி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல் தொடங்கியது. ஏழை, பணக்காரர் என்ற பேதமின்றி எல்லோரிடமும் கூப்பன் புத்தகம் இருந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். கொத்தரிசியில் கைவைத்த எந்த அரசும் அதன் பின்னர் அந்த நிகழ்ச்சியை மறக்கவில்லை.

1978இல் பங்கீடு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்றாயிற்று. 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அதுவரை கொத்துக் கணக்கில் கிடைத்த உதவி இப்போது ரூபாக் கணக்கில் கிடைத்தது. அரிசி விலை எவ்வளவு ஏறினாலும் ஒரு கொத்து ஒரு கொத்தாகவே இருக்கும். முத்திரையில் எழுதப்பட்ட ரூபாவோ விலைவாசி ஏற ஏறத் தேய்ந்துபோகும். சில ஆண்டுகளுக்குள் அப்படியே தேய்ந்தும் போனது.

1989இல் ஜனசவிய வந்தது. தெரிவான குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா வீதம் இரண்டு ஆண்டுகள் என்பது திட்டம். அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு. எஞ்சிய 1,042 ரூபா சேமிப்பில் வைக்கப்பட்டுப் பின்னர் தொழில் முதலாக வேண்டும் என்பது எண்ணம். 1994இல் ஆட்சி மாறியபின் சமுர்த்தி உருவாகி, 1995ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெற்றது. சிறு குழுக்களும் சமுர்த்தி வங்கிகளும் கிராமத்துப் பெண்களுக்குச் சேமிப்பையும் கூட்டத்தில் எழுந்து பேசும் பழக்கத்தையும் கொடுத்தன. ஆனால் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதில் கட்சிச் சார்பும் முகத்தாட்சணியமும் புகுந்தன. தேவையுள்ள பலர் வெளியே நின்றனர். தேவையற்ற பலர் உள்ளே இருந்தனர். இந்தக் குறை உண்மையானது.

புள்ளியிட்டு அளக்கும் வறுமை

2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் நீண்ட காலம் உறங்கிக் கிடந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலைக்கு வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. வறுமை 2023இல் ஏறக்குறைய 26 சதவீதமாயிற்று என்று உலக வங்கி மதிப்பிட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் கடனுக்கு இணங்கியபோது சமூகப் பாதுகாப்புச் சீர்திருத்தமும் அந்த உடன்பாட்டில் ஒரு பகுதியாக இருந்தது.

அஸ்வெசும என்றால் ஆறுதல் என்று பொருள். தெரிவு முறை புதியது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி கணிக்கப்படுகிறது. தொடக்கத்தில் நான்கு வகுப்புகள் இருந்தன. நிலைமாறும் குடும்பத்துக்கு 2,500 ரூபா, பாதிப்புக்குள்ளாகக் கூடியவருக்கு 5,000, வறியவருக்கு 8,500, மிக வறியவருக்கு 15,000. முதலிரு வகுப்பினருக்குக் குறுகிய காலம், பின்னிரு வகுப்பினருக்கு மூன்று ஆண்டுகள். 2025 சனவரியில் வறியவருக்கு 10,000 எனவும் மிக வறியவருக்கு 17,500 எனவும் உயர்த்தப்பட்டது. பணம் நேரே வங்கிக் கணக்கில் விழுகிறது.

இதில் நன்மை உண்டு. சமுர்த்தியின் பழைய கொடுப்பனவு மாதம் 420 ரூபாவிலிருந்து 3,500 ரூபா வரையே இருந்தது. உண்மையில் வறியவரான ஒருவருக்கு அஸ்வெசும தரும் தொகை அதைவிடப் பெரிது. எந்த அரசியல்வாதியின் வீட்டு வாசலிலும் அவர் நிற்கத் தேவையில்லை.

எங்கே இடறுகிறது?

ஆயினும் முதற் பட்டியல் வெளியானபோது பத்து இலட்சத்துக்கு அண்மித்த குடும்பங்கள் மேன்முறையீடு செய்தன. இத்தனை பேரும் பொய் சொன்னார்கள் என்று நாம் எண்ணலாகாது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கல்வீடு உண்டு, நல்ல காலத்தில் கட்டியது. வாசலில் ஓட்டோ நிற்கிறது; தவணைக் கடன் முடியவில்லை. தகப்பனுக்கு முதுகு முறிந்து ஆறு மாதமாகிறது. படிவத்தில் வீடும் வாகனமும் தெரிகின்றன. கடனும் நோவும் அத்தனை தெளிவாகத் தெரிவதில்லை. சொத்தைக் கொண்டு வறுமையை அளக்கும் எந்த முறைக்கும் இந்தக் குருட்டுப் பக்கம் உண்டு. உலகில் இம்முறையைக் கைக்கொண்ட வேறு நாடுகளிலும் இதே முறைப்பாடு கேட்கப்பட்டது.

அடுத்தது காலம். 2023இல் எடுத்த கணக்குக்கு 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயல் தெரியாது. தெதுறு ஓயா பெருகி வீட்டுக்குள் வந்தபோது, முன்பு வறியவரல்லாதவர் என்று புள்ளி பெற்ற குடும்பமும் ஒரே இரவில் வறியதாகிவிடும். வறுமை நிலையான ஒன்றல்ல. பட்டியலைத் திறந்து வைத்திருந்தால்தான் அது உண்மையைக் காட்டும்.

மூன்றாவது விலைவாசி. உணவு முத்திரைக்கு நேர்ந்தது அஸ்வெசுமவுக்கும் நேரலாம். தொகை அவ்வப்போது உயர்த்தப்படுகிறது. ஆனால் அது அரசின் மனத்தைப் பொறுத்தது. விலைச் சுட்டெண்ணோடு தொகையைச் சட்டப்படி இணைத்தால் ஏழைகள் ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

நான்காவது முதுமை. மாதச் சம்பளக்காரருக்கு 1958 முதல் ஊழியர் சேமலாப நிதி உண்டு. விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. தேங்காய் உரிக்கும் பெண்ணுக்கும் வீட்டு வேலைக்குச் செல்பவளுக்கும் வயது போனபின் என்ன இருக்கிறது? வறிய முதியோருக்கான கொடுப்பனவு 2023இல் 2,000 ரூபாவாக இருந்து 2025இல் 5,000 ஆயிற்று. மருந்துச் செலவுக்கும் அது போதாது.

நாம் செய்யக் கூடியவை

உரிமை இருப்பது ஒன்று. அதைப் பெறுவது வேறொன்று. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இளைஞர் குழுக்களும் இங்கே உதவலாம்.

முதலாவதாக, ஒவ்வொரு வீட்டிலும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவை ஒழுங்காக உள்ளனவா என்று பார்ப்போம். ஓர் எழுத்துப் பிழையாலும் கொடுப்பனவு நின்றுபோகலாம். இரண்டாவதாக, பெயர்ப்பட்டியல் ஒட்டப்படும்போது வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்லட்டும். மேன்முறையீட்டுக்கு நாள் குறுகியது. தவறினால் ஆண்டுக் கணக்கில் காத்திருக்க நேரும்.

மூன்றாவதாக, மொழி. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. விளங்காத படிவத்தில் ஒருவரும் கையெழுத்திட வேண்டாம். நான்காவதாக, விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. தகுதியற்றவர் பெறுகிறார் என்று அயலாரைச் சுட்டிக்காட்டுவது எளிது. தகுதியிருந்தும் பெறாதவரைத் தேடிப் போவது கடினம். ஒழுங்கையின் கடைசி வீட்டில் தனியே இருக்கும் கிழவி மேன்முறையீடு எழுத மாட்டாள்; எவரிடமும் கேட்கவும் மாட்டாள். இத்திட்டம் நல்லதா கெட்டதா என்பதை அந்த வீட்டில் அடுப்பெரிகிறதா என்பதைக் கொண்டே நாம் தீர்மானிக்க வேண்டும்.