அச்சுப்பொறி பணிய மறுக்கும்போது

பொறியொன்று பணிசெய்ய மறுக்குமிடத்து மனிதர் இருவகையாக நடந்துகொள்வர். ஒருசாரார் அதனைத் தட்டியும், நிறுத்தியும், மீண்டும் இயக்கியும் பார்ப்பர். மறுசாரார் வேலை எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று விசாரிப்பர். முன்னவருக்கும் சில வேளைகளில் வெற்றி கிட்டுவதுண்டு. ஆயினும் அவ்வெற்றி எதனால் வந்தது என்பதை அவர் அறியார். அதே பழுது மறுநாள் தோன்றுமாயின், அவர் தொடங்கிய இடத்திலேயே நிற்பார்.

லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்ட கணனியோடு இணைந்த அச்சுப்பொறி தொல்லை தரும்போது இவ்வேறுபாடு நன்கு புலனாகும். விண்ணப்பமொன்றை அன்றே ஒப்படைக்கவேண்டிய ஒருவர் அச்சிடுமாறு கட்டளையிடுகிறார். தாள் வரவில்லை. பதற்றத்தினால் பத்து முறை கட்டளையிடுகிறார். பின்னர் யாதோ ஒரு காரணத்தாற் பொறி உயிர்பெற்றதும், பத்துப் படிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருகின்றன. கட்டளைகள் தொலைந்துவிடவில்லை, ஓரிடத்திற் காத்துக்கிடந்தன. அந்த இடம் எது என்று காண்பதே பழுதறிதலின் முதற்படி.

ஆவணம் கணனியிலிருந்து தாளைச் சேரும் வழியைக் கடிதம் செல்லும் வழியோடு ஒப்பிடலாம். லினக்ஸிலே தபாற்கந்தோராக விளங்குவது ‘கப்ஸ்’ என்னும் மென்பொருள். மைக்கேல் சுவீட் என்பார் இதனை 1997 இல் ஆக்கத் தொடங்கினார். 1999 இல் இது வெளிவந்தது. 2002 இல் அப்பிள் நிறுவனமும் தன் கணனிகளுக்கு இதனையே ஏற்றுக்கொண்டது. ஆவணம் முதலிற் கப்ஸின் வரிசையிற் சேர்கிறது. அடுத்து, அச்சுப்பொறி அறிந்த மொழிக்கு மாற்றப்படுகிறது. அதன்பின் கம்பி வழியாகவோ வலையமைப்பு வழியாகவோ அனுப்பப்படுகிறது. ஈற்றிற் பொறி அதனைத் தாளிற் பதிக்கிறது. ஆகவே வரிசை, மொழிமாற்றம், அனுப்புகை, பொறி என நிலையங்கள் நான்கு. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சோதனை உண்டு.

எளிதானது கடைசி நிலையமாதலால் அங்கிருந்து தொடங்குதல் நன்று. அச்சுப்பொறிகள் பெரும்பாலும் கணனியின் துணையின்றியே ஒரு சோதனைப் பக்கத்தை அச்சிட வல்லன. அப்பக்கமும் வராவிடின், குறை தாளிலோ மையிலோ பொறியின் உறுப்பிலோ உள்ளது. கணனியை நோதல் வீண்.

அது செவ்வனே வருமாயின் அனுப்புகையை நோக்கவேண்டும். கம்பியால் இணைத்த பொறியாயின், ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்னும் கட்டளை தரும் பட்டியலில் அதன் பெயர் காணப்படுதல் வேண்டும். காணப்படாவிடின் கம்பியை மாற்றிப் பார்க்கலாம். வலையமைப்புப் பொறியிலோ வேறொரு தொல்லை உண்டு. மின்சாரம் நின்று மீண்டும் வந்தபின் அதற்குப் புதிய முகவரி கிடைத்திருக்கலாம். கணனியோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். வீடு மாறியவருக்குப் பழைய வீட்டுக்குக் கடிதம் எழுதுவது போன்றது இது. வலையமைப்பை வழிநடத்தும் கருவியிலே அச்சுப்பொறிக்கென நிலையான முகவரியொன்றை ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை தீரும்.

அடுத்தது வரிசை. ‘எல்பிஸ்டாட்’ என்னும் கட்டளை வரிசையின் நிலையைக் கூறும். உலாவியில் ‘லோக்கல்ஹோஸ்ட்:631’ என்ற முகவரியைத் திறந்தும் அதனைக் காணலாம். அனுப்புகை ஒருமுறை தவறினால் வரிசையை முற்றாக நிறுத்திவிடும் வழக்கம் கப்ஸுக்கு உண்டு. பொறி சரியானபின்னரும் வரிசை நின்றபடியே இருப்பதால், பழுது தீரவில்லை என்று பலர் மயங்குவர். ‘கப்ஸ்எனேபிள்’ என்னும் கட்டளையோடு பொறியின் பெயரைக் கொடுத்தால் வரிசை மீண்டும் நகரும். அதற்கு முன்னர் வேண்டாத படிகளை நீக்கிவிடுதல் தாளை மிச்சப்படுத்தும்.

நுட்பமான பழுதுகள் மொழிமாற்றத்திலேயே நிகழ்கின்றன. பொருந்தாத இயக்கி நிரலைத் தெரிவுசெய்தால், பொருளற்ற குறிகள் பக்கம் பக்கமாக வந்து குவியும். அண்மை ஆண்டுகளில் வெளிவந்த வலையமைப்புப் பொறிகளிற் பெரும்பாலானவை பொதுமொழியொன்றை அறிந்திருத்தலால் அவற்றுக்குத் தனி இயக்கி வேண்டுவதில்லை. தாளின் அளவும் மயக்கந் தருவதுண்டு. இலங்கையில் வழங்கும் ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் நீளமும் உடையது. கணனியில் அமெரிக்க லெட்டர் அளவு குறிக்கப்பட்டிருந்தால், தட்டு நிறையத் தாள் இருந்தும் பொறி வேறு தாள் கேட்டு விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கக்கூடும்.

தமிழ் எழுத்துகள் தாளிற் சிதைந்து தோன்றினால், அதே ஆவணத்தை முதலிற் பிடிஎப் கோப்பாக ஆக்கிப் பார்க்கவேண்டும். கோப்பிலும் சிதைவு இருப்பின் குறை எழுத்துருவிலோ எழுதிய மென்பொருளிலோ உள்ளது. கோப்புச் செம்மையாக இருந்து தாள் மட்டும் பிழைப்பின், குறை மொழிமாற்றத்தில் அல்லது பொறியில் உள்ளது. இவ்வொரு சோதனை விசாரணையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

இவையனைத்தும் பயன்தராவிடத்துச் சாட்சியாக நிற்பது பதிவேடு. பல லினக்ஸ் அமைப்புகளிற் கப்ஸ் தன் ஒவ்வொரு தவறையும் ‘எரர்_லொக்’ என்ற கோப்பில் நேரத்தோடு எழுதிவைக்கிறது. நிருவாகியின் அதிகாரத்தோடு அதனைத் திறந்து, தாள் வராத அந்நேரத்து வரிகளைப் படித்தால், எந்த நிலையம் தவறியது என்பது பெரும்பாலும் தெரியவரும்.

இவ்வாறு உள்ளே புகுந்து பார்க்கும் உரிமை தானாக வந்ததன்று. 1980 ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து ஆய்வுகூடமொன்றிற் புதிய ஸெரொக்ஸ் லேசர் அச்சுப்பொறி ஒன்று இருந்தது. தாள் சிக்கி அது அடிக்கடி நின்றுவிடும். வேறோர் அறையில் இருந்தவர்கள் அதனை அறியாது நெடுநேரம் காத்திருப்பர். ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்னும் நிரலாளர், முன்னைய பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கியதும் காத்திருப்போருக்குச் செய்தி அனுப்பச் செய்திருந்தார். புதிய பொறியிலும் அதனைச் செய்ய விரும்பினார். ஆனால் மூலநிரல் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவர், வெளியிடுவதில்லை என்று வாக்களித்திருந்தமையால் மறுத்துவிட்டார். இவ்வநுபவம் ஸ்டோல்மனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. எவரும் படிக்கவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளை ஆக்கும் குனூ திட்டத்தை அவர் 1983 இல் அறிவித்தார். 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய லினக்ஸ் கரு அதனோடு சேர்ந்தது.

சிக்கிய தாளை அன்று அவரால் நிரலினால் அறியமுடியவில்லை. இன்று சாதாரண வீட்டுக் கணனியில் அமர்ந்திருப்பவர், தம் தாள் எங்கே நின்றது என்பதைப் பதிவேட்டைத் திறந்து வாசித்தறியலாம். அவ்வேட்டைத் திறவாது பொறியைத் தட்டிக்கொண்டிருப்பவர், பிறர் அரிதின் முயன்று பெற்றுத்தந்த உரிமையைப் பயன்படுத்தாது விடுகிறார்.