மாரடைப்பு போலத் தோன்றும் பெருந்தமனிப் பிளவு: ஸ்கேன் காட்டிக்கொடுப்பது எப்படி?

தாங்க முடியாத நெஞ்சுவலியுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவருக்கு மாரடைப்பு என்றே முதலில் ஐயம் எழுகிறது. ஆனால், சிலருக்கு இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவர் பிளந்திருப்பதே வலிக்குக் காரணமாக இருக்கும். மாரடைப்புக்கு அளிக்கப்படும் ரத்தக்கட்டி கரைக்கும் மருந்து, இவர்களின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கு கிழிந்தால், ரத்தம் நடு அடுக்கினுள் புகுந்து சுவரைப் பிளந்தபடி ஒரு பொய்ப் பாதையை உருவாக்குகிறது. உயர் ரத்த அழுத்தமே இதற்கு முக்கியக் காரணம்.

முதுகுக்குப் பரவும் கிழிப்பது போன்ற வலி, இரு கைகளிலும் மாறுபடும் ரத்த அழுத்தம் ஆகியவை பிளவை உணர்த்தும் அறிகுறிகள். மார்பு எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுப்பகுதி அகன்று தெரியலாம். எனினும், எக்ஸ்ரே இயல்பாக இருப்பதை மட்டும் வைத்துப் பிளவு இல்லை என முடிவு செய்ய இயலாது.

பிளவை உறுதிசெய்யப் பெரிதும் பயன்படுவது சிடி ஆஞ்சியோகிராம். கை நரம்பில் அயோடின் கலந்த சாயம் செலுத்தப்பட்டு, சில நொடிகளில் படம் எடுக்கப்படுகிறது. மெய்ப்பாதைக்கும் பொய்ப் பாதைக்கும் இடையே கிழிந்த உள்ளடுக்கு மெல்லிய கோடாகத் தெரியும். பிளவு எதுவரை பரவியுள்ளது, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் கிளைகள் பாதிக்கப்பட்டுள்ளனவா என்பதும் புலப்படும். இதயத் துடிப்பின் அசைவும் சில வேளை இத்தகைய கோட்டைப் போலத் தோன்றி ஏமாற்றும் என்பதால், இசிஜியுடன் இணைத்துப் படமெடுக்கும் முறையும் உண்டு.

ஸ்கேன் அறைக்குக் கொண்டுசெல்ல இயலாத நோயாளிக்கு, உணவுக்குழாய் வழியே செய்யப்படும் எக்கோ பரிசோதனை படுக்கையருகிலேயே உதவும். எம்ஆர்ஐ துல்லியமானது, ஆனால், அதிக நேரம் பிடிப்பதால் அவசர நிலைக்கு உகந்ததன்று.

இந்நோய்க்கான அறுவை சிகிச்சையின் முன்னோடியான அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டெபேக்கிக்கே 97-ஆவது வயதில் இப்பிளவு ஏற்பட்டது. 2006-இல் அறுவை சிகிச்சை பெற்ற அவர், 2008 வரை வாழ்ந்தார்.

சிகிச்சையைத் தீர்மானிப்பது பிளவின் இடமே. இதயத்தை ஒட்டி மேலெழும் பகுதியில் இருந்தால், அது 'ஏ' வகை. உடனடி அறுவை சிகிச்சை தேவை. தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் இறப்பு அபாயத்தைக் கூட்டும். மேலெழும் பகுதி பாதிக்கப்படாத 'பி' வகையில், சிக்கல்கள் இல்லையெனில் ரத்த அழுத்தத்தை மருந்தால் கட்டுப்படுத்தி, அடுத்தடுத்த ஸ்கேன்கள் மூலம் கண்காணிக்கின்றனர்.