பிஸ்கட் ஆகாரமா, தின்பண்டமா?

பங்குத்தந்தை ஒருவர் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது, அவருக்கு முதலில் வந்து சேர்வது நாற்காலி, அடுத்தது தேநீர், அதன் அருகிலேயே ஒரு சிறு தட்டில் நான்கு பிஸ்கட்டுகள். தேங்காய்த்திட்டுப் பகுதியில் ஒரே மாலையில் ஏழு வீடுகளுக்குச் சென்றால், ஏழு தேநீரும் இருபத்தெட்டுப் பிஸ்கட்டுகளும் காத்திருக்கும். மறுத்தால், "எங்க வீட்டுல மட்டும் சாமி ஒண்ணும் சாப்பிடலியே" என்ற மனத்தாங்கல். அன்பின் அடையாளமாக வரும் அந்தத் தட்டைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததே இல்லை. எனினும், அண்மையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி என்னைச் சிந்திக்க வைத்தது.

துறைமுகத்திற்குச் செல்லும் வழியில் வாழும் ஒரு மூதாட்டியைக் காணச் சென்றிருந்தேன். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. திருவிழா நாளில்கூட இனிப்பைத் தொடாதவர். தேநீரையும் சர்க்கரை இல்லாமலேயே அருந்துகிறவர். ஆனால் அந்தத் தேநீரில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு மேரி பிஸ்கட்டுகளைத் தோய்த்து உண்டார். "பாட்டி, இது ஆகுமா?" என்று கேட்டேன். "இது மாதா பேரு வெச்ச பிஸ்கட்டு சாமி. ஒண்ணும் பண்ணாது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் இல்லம் திரும்பியதும் கடையிலிருந்து ஒரு பொட்டலத்தை வரவழைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பின்புறத்தில் இருந்த சிறிய எழுத்துகளைப் படித்தேன். சிரிப்பு அடங்கிவிட்டது.

அந்தப் பெயருக்கும் நம் அன்னைக்கும் தொடர்பில்லை. 1874-ஆம் ஆண்டில் ரஷ்யப் பேரரசரின் மகள் மரியா, இங்கிலாந்து அரசியின் மகனை மணந்தபோது, அத்திருமணத்தின் நினைவாக இலண்டனில் இருந்த ஒரு பிஸ்கட் நிறுவனம் இட்ட பெயர் அது. இத்தகைய பிஸ்கட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 முதல் 24 கிராம் வரை சர்க்கரை இருக்கிறது. ஒரு பிஸ்கட்டின் எடை ஐந்து அல்லது ஆறு கிராம். நம் பாட்டி நாளொன்றுக்கு மூன்று வேளை, வேளைக்கு நான்கு என்று பன்னிரண்டு உண்கிறார். அவற்றில் உள்ள சர்க்கரை ஏறத்தாழ 14 கிராம். ஒரு தேக்கரண்டி 4 கிராம் எனக் கொண்டால், மூன்றரைத் தேக்கரண்டி. தேநீரிலிருந்து எவ்வளவு கண்டிப்புடன் விலக்கினாரோ, அவ்வளவும் தட்டின் வழியாக வந்து சேர்ந்துவிட்டது. அத்துடன் மைதாவின் மாச்சத்து வேறு. அதுவும் உடலுக்குள் விரைவிலேயே சர்க்கரையாகிவிடும். "சர்க்கரை சேர்க்காதது" என்று அச்சிட்டு விற்கும் பிஸ்கட்டிலும் இந்த மாவு உண்டு என்பதை நோயாளிகள் மறக்கலாகாது.

பிஸ்கட் என்பது என்ன?

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'பிஸ்' என்றால் இருமுறை. 'கோக்துஸ்' என்றால் சமைக்கப்பட்டது. நெடுங்கடல் செல்லும் மாலுமிகளுக்காக, ஈரம் அறவே நீங்கும் வரை மீண்டும் மீண்டும் சுட்டெடுத்த கெட்டியான ரொட்டியே அக்காலப் பிஸ்கட். மாவும் நீரும் சிறிது உப்புமே அதில் இருந்தன. மாதக்கணக்கில் கெடாது; பல்லுக்கு வேலை; நாவுக்குச் சுவை இல்லை. வேறு கதியில்லாதபோது உண்ட உணவு அது.

இன்றைய பிஸ்கட்டுக்கு அந்தப் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. தவிடும் முளையும் நீக்கப்பட்ட மைதா, சர்க்கரை, பெரும்பாலும் பனை இனத்து எண்ணெயான பாமாயில் ஆகிய மூன்றுமே அதன் முதன்மைப் பொருள்கள். பாமாயிலில் ஏறத்தாழப் பாதி, இதயத்திற்கு நன்மை செய்யாத நிறைவுற்ற கொழுப்பு. குளுக்கோஸ் பிஸ்கட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை. நடுவில் கிரீம் வைத்தவற்றில் 35 கிராமும் அதற்கு மேலும் உண்டு. புரதமோ 7 கிராம் அளவே. 'செரிமானத்திற்கு ஏற்றது' என்னும் பொருள்படும் பெயருடன் வருவனவற்றில் கோதுமை நாரும் தவிடும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் கொழுப்பு 20 கிராமை எட்டும். ரஸ்க்கும் மைதாவும் சர்க்கரையும் சேர்ந்ததே. உப்புப் பிஸ்கட்டில் சர்க்கரை குறைந்தால், உப்பும் எண்ணெயும் அந்த இடத்தை நிரப்புகின்றன.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முற்காலத்தில் வனஸ்பதி வழியாக வந்த 'டிரான்ஸ்' கொழுப்பு இதயத்திற்குப் பெருந்தீங்கு விளைத்தது. 2022 ஜனவரி முதல் உணவு எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 விழுக்காட்டிற்கு மேல் இருத்தலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரையறுத்துவிட்டது. அந்த ஒரு கவலை குறைந்திருக்கிறது. சர்க்கரையின் கவலை குறையவில்லை.

பள்ளி மணி அடிக்கும் முன்னே

இனி, குழந்தைகளின் காலை வேளையைப் பார்ப்போம். விடியும் முன்னே மீன் எடுக்கத் துறைமுகத்திற்குச் செல்லும் தாய்மார்கள் நம் பகுதியில் பலர். அடுப்பு மூட்ட நேரமில்லை. பிள்ளையின் கையில் ஒரு சிறு பொட்டலமும் ஒரு குவளைத் தேநீரும் கொடுத்துவிட்டு விரைகிறார்கள். அந்தத் தாயைக் குறை கூறுகிறவர், ஒரு நாளேனும் அவளுடைய கூடையைத் தலையில் சுமந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். குறை அவளிடம் இல்லை. 'குளுக்கோஸ்' என்றால் வலிமை, 'பால்' என்றால் சத்து என்று அவளுக்குக் கற்பித்தது விளம்பரம்.

கணக்கை மட்டும் பார்ப்போம். 50 கிராம் குளுக்கோஸ் பிஸ்கட்டில் ஏறத்தாழ 12 கிராம் சர்க்கரை. தேநீரில் இரண்டு தேக்கரண்டி என்றால் மேலும் 8 கிராம். ஆக 20 கிராம். உணவில் தனியே சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டிற்குக் குறைவாக இருக்க வேண்டும். 5 விழுக்காட்டிற்குள் நின்றால் இன்னும் நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. எட்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1700 கலோரி தேவை. அதில் 5 விழுக்காடு என்பது 21 கிராம் சர்க்கரை. அதாவது, பள்ளியின் முதல் மணி அடிக்கும் முன்னரே அன்றைய நாளின் பங்கு முடிந்துவிடுகிறது! இத்தனைக்கும் வயிறு நிறைவதில்லை. பத்து மணிக்கெல்லாம் பசி மீண்டும் தலைகாட்டுகிறது.

இவ்விடத்தில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மறைக்கல்வி வகுப்பில் சரியான விடை சொல்லும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்காக நான் அளித்துவந்த பரிசு, கிரீம் பிஸ்கட் பொட்டலமே. செவிலியராகப் பணிபுரியும் பங்குப் பெண்மணி ஒருவர், ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "சாமி, வீட்டுல நாங்க வேணாம்னு சொல்றதை நீங்க பரிசாக் குடுத்தா, பிள்ளைங்க யார் பேச்சைக் கேக்கும்?" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அடுத்த ஞாயிறு முதல் பரிசு, எழுதுகோலும் கடலை மிட்டாயும் ஆயிற்று. கடலை மிட்டாயிலும் வெல்லம் உண்டுதான். ஆயினும் அது தன்னை இனிப்பென்று ஒளிக்காமல் சொல்லிக்கொள்கிறது. கடலையின் சத்தையும் உடன் தருகிறது.

நம் ஊரின் நிலை

இது வீண் அச்சம் அன்று. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. இந்தியாவில் வயது வந்தோருள் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. எண்ணிக்கையில் 10 கோடிக்கும் மேல். மாநிலவாரியாகப் பார்த்தால் கோவா 26.4 விழுக்காட்டுடன் முதலிடம். அதற்கு அடுத்த இடம், 26.3 விழுக்காட்டுடன், நம் புதுச்சேரி. நால்வரில் ஒருவர்! ஞாயிறு திருப்பலியில் நம் வரிசையில் அமர்ந்திருப்போரை எண்ணிப் பாருங்கள்.

இதற்குப் பிஸ்கட் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய்யாகும். தட்டு நிறையச் சோறு, உடலுழைப்புக் குறைவு, மரபு, மது எனக் காரணங்கள் பல. ஆனால் மற்றவற்றை நாம் அறிந்தே செய்கிறோம். பிஸ்கட்டை மட்டும் 'நோயாளிக்கு ஏற்ற இலேசான ஆகாரம்' என்று நம்பிச் செய்கிறோம். மருத்துவமனைக்கு நோயாளியைக் காணச் செல்லும்போதும் அதையே வாங்கிச் செல்கிறோம். அறியாமல் நேரும் தீங்கை அறிவால் மட்டுமே தடுக்க முடியும்.

பொட்டலத்தின் பின்புறம்

பொட்டலத்தின் முன்புறம் விற்பவருக்கு உரியது. பின்புறமே வாங்குகிறவருக்கு உரியது. அங்கே காண வேண்டியவை நான்கு.

முதலாவது, பொருள்களின் வரிசை. எடை மிகுந்தது முதலில் வரவேண்டும் என்பது விதி. முதல் மூன்று இடங்களில் மைதா, சர்க்கரை, எண்ணெய் இருந்தால், அது தின்பண்டமே.

இரண்டாவது, சர்க்கரையின் மாறுவேடங்கள். இன்வெர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ் யாவும் சர்க்கரையின் உறவினர்களே.

மூன்றாவது, 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்னும் எண். 2020-ஆம் ஆண்டின் விதிகள் இதனைத் தனியே காட்டச் சொல்கின்றன. அந்த எண்ணை நான்கால் வகுத்தால் தேக்கரண்டிக் கணக்கு கிடைத்துவிடும். அது 100 கிராமுக்கான கணக்கா, இரண்டு மூன்று பிஸ்கட்டுக்கான கணக்கா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, பச்சைப் புள்ளி. அது 'சைவம்' என்பதற்கான அடையாளம் மட்டுமே. 'நலம்' என்பதற்கு அரசு அளித்த சான்று அன்று.

ஆனால் இவையெல்லாம் ஆங்கிலத்தில் அன்றோ உள்ளன! ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும் என்பதே விதி. பிற மொழி கட்டாயமில்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்க்கு, தன் பிள்ளை உண்பது இன்னதென்று அறியும் உரிமை இல்லையா? இதற்காக நாம் குரல் எழுப்ப வேண்டும். அதுவரை, பள்ளி செல்லும் பிள்ளைகள் வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் படித்துக் காட்டட்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதத்தில், எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் 'சர்க்கரைப் பலகை'யைத் தன் பள்ளிகளில் வைக்குமாறு பணித்தது. புதுவையின் அரசுப் பள்ளிகளும் அவ்வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறியிருப்பதால், நம் பிள்ளைகளுக்கு இது புதிதாக இராது.

மாற்று என்ன?

பள்ளியில் பசித்த பிள்ளைக்குச் சமைத்த உணவே தேவை என்பதை நம் ஊர் முன்பே உணர்ந்தது. 1930-இலேயே பிரெஞ்சு நிர்வாகம் இங்கு மதிய உணவைத் தொடங்கியது. தமிழ்நாடு 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் பட்டியலில் இடம்பெற்றன. வீட்டிலும் அதே நெறிதான். முன்னிரவே ஊற வைத்த சுண்டலை வேகவைத்தால் போதும். ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், கேழ்வரகுக் கூழ், தயிர் விட்ட பழைய சோறு எதுவும் பிஸ்கட்டை விட மேலானது. வறுத்த வேர்க்கடலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம். பிஸ்கட்டில் உள்ளதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்.

பிஸ்கட்டை வீட்டைவிட்டே விரட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிறந்தநாளில் லட்டு உண்பதுபோல், எப்போதாவது, இனிப்பென்று அறிந்தே உண்ணலாம். உணவின் இடத்தில் அதனை அமர்த்தாதீர்கள், அவ்வளவே. இன்சுலின் போட்டுக்கொள்வோருக்குத் திடீரெனச் சர்க்கரை தாழ்ந்து படபடப்பு வந்தால், நினைவோடு இருக்கையில் முதலில் தர வேண்டியதும் சர்க்கரை கரைத்த நீரே. பிஸ்கட் அதற்குப் பின்னரே.

சென்ற வாரம் அந்த மூதாட்டியின் இல்லத்திற்கு மீண்டும் சென்றேன். பேத்தி பொட்டலத்தைப் படித்துக் கணக்கையும் போட்டுக் காட்டியிருக்கிறாள். தட்டில் பிஸ்கட் இல்லை. நன்றாக வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் இருந்தது. புண்ணுக்கு மருத்துவம் தொடர்கிறது. "மாதா பேருன்னு நெனச்சி இத்தினி வருசம் ஏமாந்துட்டேன் சாமி" என்றார். "நானும் ஏமாந்தேன் பாட்டி" என்றேன்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, அடுத்த முறை நான் உங்கள் இல்லம் வரும்போது ஒரு குவளை மோரோ, ஒரு கைப்பிடிச் சுண்டலோ போதும். அதுவும் இல்லையெனில், நாற்காலி ஒன்றே போதும்.